பரோலோ ஒயின்: எப்படிப்பட்டது, எதோடு சாப்பிடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடமேற்கு இத்தாலியில், ஆல்பா நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஓர் உணவகத்தில் பல ஆண்டுகளாகப் பரிமாறும் வேலை செய்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்களும், ஒரு பாட்டில் வாங்கிப்போய்விட்டு வீட்டிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் நண்பர்களும் பரோலோவைப் பற்றிக் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படித்தால் நல்லது; பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே பேசுகின்றன.

பரோலோ என்பது திராட்சையின் பெயரா, ஊரின் பெயரா, கம்பெனியின் பெயரா?

ஊரின் பெயர். பியமோந்தே மாநிலத்தில் லாங்கே என்று அழைக்கப்படும் குன்றுப் பகுதியில், ஒரு கோட்டையைச் சுற்றிக் கூடிய சிற்றூர் பரோலோ. அந்த ஊரையும் சேர்த்து 11 ஊர்களின் குறிப்பிட்ட சரிவுகளில் விளைந்த நெபியோலோ என்ற கறுப்புத் திராட்சையில் செய்த சிவப்பு ஒயினுக்கு மட்டுமே அந்தப் பெயரைப் போடலாம். வேறு திராட்சை ஒரு துளியும் கலக்கக் கூடாது. 1980 முதல் இத்தாலியின் மிக உயர்ந்த தரச் சான்றான டி.ஓ.சி.ஜி. இதற்கு உண்டு. பாட்டிலின் கழுத்தில் எண்ணிட்ட தாள் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் சான்று.

நெபியோலோ என்ற பெயர் மூடுபனியைக் குறிக்கும் நெப்பியா என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அக்டோபர் அறுவடை நேரத்தில் காலையில் இங்கே வந்து நின்றால் அந்தப் பெயர்க் காரணத்தை நம்பத் தோன்றும். பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாக நிரம்பியிருக்கும். குன்றுகளின் உச்சியும் தேவாலயக் கோபுரங்களும் மட்டும் மேலே தெரியும்.

சிவப்பு ஒயின் என்றீர்கள். கோப்பையில் ஊற்றினால் வெளுத்துக் கிடக்கிறதே, தண்ணீர் கலந்துவிட்டார்களா?

இல்லை. நெபியோலோவின் தோலில் நிறமி குறைவு. இருக்கும் நிறமியும் சீக்கிரம் நிலைகுலைந்துவிடும். வெள்ளை மேசை விரிப்பின் மேல் கோப்பையைச் சாய்த்துப் பாருங்கள். நடுவில் மாதுளை நிறம் இருக்கும். விளிம்புக்கு வர வர செங்கல் நிறமாகி, பழைய பாட்டிலாக இருந்தால் ஆரஞ்சாக முடியும். கீழே வைத்த விரல் தெரியும். மை போலக் கறுத்து, கையைக் காட்டாத பரோலோவை யாராவது ஊற்றினால் எனக்குச் சந்தேகம் அப்போதுதான் வரும்.

ஒரு மடக்கு குடித்ததும் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கெட்டுப்போன பாட்டிலா?

கெடவில்லை. நீங்கள் உணர்ந்தது துவர்ப்பு. அதை அறுசுவையில் ஒன்றாக எண்ணிப் பெயரிட்டு வைத்திருக்கும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. பச்சைப் பாக்கை மென்றாலும், நாவற்பழத்தை அளவுக்கு மீறித் தின்றாலும் ஈறும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடிக்கும் அல்லவா, அதேதான். திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்ற பொருள் உமிழ்நீரின் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. வழவழப்பு போய்விடுவதால் வாய் வறள்கிறது. வெளுத்த நிறத்தைப் பார்த்து மெல்லிய ஒயின் என்று எண்ணிக் குடிப்பவர்களுக்கு இது அதிர்ச்சியாகவே இருக்கும். நெபியோலோவில் டானின் மிக அதிகம், புளிப்பும் அதிகம், மதுச்சத்து சாதாரணமாக 14 சதவீதத்தைத் தொடும்.

இனி வரும் பதில்களுக்கெல்லாம் அடிப்படை இதுதான்: தட்டில் இறைச்சியும் கொழுப்பும் இருந்தால் டானின் உங்கள் உமிழ்நீரை விட்டுவிட்டு அவற்றைப் பற்றிக்கொள்ளும். நாக்கில் படிந்த நெய்ப்பசையைப் புளிப்பு கழுவிவிடும். அடுத்த கவளத்துக்கு வாய் தயாராகிவிடும். பரோலோ சாப்பாட்டு மேசையில் வைத்து உருவான ஒயின். வெறும் வயிற்றில் ஒரு மடக்கு குடித்துவிட்டு அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

தாரும் ரோஜாவும் மணக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லையே?

ஒயின் குளிர்ந்திருக்கும், அல்லது இப்போதுதான் திறந்திருப்பீர்கள், அல்லது கோப்பை சிறியதாக இருக்கும். வயிறு பருத்த பெரிய கோப்பையில் கால்பங்கு ஊற்றி, மெல்லச் சுழற்றி, அரைமணி கழித்து மறுபடி முகருங்கள். முதலில் செர்ரிப் பழம், காய்ந்த ரோஜா இதழ். பிறகு அதிமதுரம். தார் என்பது சாலை போடும்போது வரும் அந்த வாசனையேதான். அது வேறு மணங்களுக்கு அடியில், கொஞ்சமாக இருக்கும். 15 ஆண்டு கடந்த பாட்டிலில் ஈர இலைக் குப்பை, காளான், தோல் பை என்று மணம் மண்ணை நோக்கி இறங்கிவிடும். அதிமதுரக் குச்சியை மென்று வளர்ந்தவர்களுக்கு அந்த ஒரு மணத்தையாவது நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததில்லை.

அந்த ஊர்க்காரர்கள் இதை எதோடு சாப்பிடுகிறார்கள்?

முதலில் சொல்ல வேண்டியது ப்ரசாத்தோ. மாட்டின் தோள்பட்டைக் கறியை முழுத் துண்டாக எடுத்து, ஓர் இரவு ஒயினில் ஊறவைக்கிறார்கள். கூடவே கேரட், வெங்காயம், செலரி, ரோஸ்மேரி, பிரிஞ்சி இலை, பட்டை, கிராம்பு. மறுநாள் கறியைத் துடைத்து, கொழுப்பில் எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்து, ஊறிய ஒயினையே ஊற்றி, மூடி, தீயைக் குறைத்துவிடுவார்கள். மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். வெந்த காய்களை மசித்துக் குழம்பாக்கி, கறியை விரல் கனத்துக்கு அரிந்து அதன் மேல் ஊற்றுவார்கள். எங்கள் சமையலறையில் மூடியைத் திறக்கும் நேரத்தில் பட்டையும் கிராம்பும் கலந்து வரும் அந்த ஆவி, எனக்கு ஒவ்வொரு முறையும் வீட்டின் ஞாயிற்றுக்கிழமை மதியத்தைக் கொண்டுவந்து நிறுத்தும். நெடுநேரம் வெந்ததில் கறியின் நார் இளகி, குழம்பு பசைபோல உதட்டில் ஒட்டும். அதன் மேல் பரோலோவின் துவர்ப்பு வந்து விழும்போது இரண்டும் சமமாகிவிடும். கத்தி தேவையில்லாத அளவுக்கு வெந்த கறிக்கு இவ்வளவு முரட்டு ஒயின் எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு வாய் சாப்பிட்ட பிறகு கேட்பதில்லை.

அடுத்தது பாஸ்தா. தஜரின் என்பது முட்டை மஞ்சள் கருவை ஏராளமாகச் சேர்த்துப் பிசைந்து, மெல்லிய நூலாக அரிந்தது. கையால் அரிபவர்கள் மாவுத் தகட்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு, கண்ணால் அளந்தபடி கத்தியை ஓட்டுவார்கள். ஒரு நூலுக்கும் அடுத்த நூலுக்கும் வித்தியாசம் தெரியாது. இறைச்சிக் குழம்போடு இது பரோலோவுக்கு நல்ல துணை. ப்ளின் என்பது வறுத்த இறைச்சியை உள்ளே வைத்துக் கிள்ளி மூடிய குட்டிப் பொட்டலம். ப்ளின் என்ற சொல்லுக்கே இந்த வட்டாரப் பேச்சில் கிள்ளு என்றுதான் பொருள். சில வீடுகளில் குழம்பே இல்லாமல், வேகவைத்து எடுத்து வெள்ளைத் துணியில் மடித்துக் கொண்டுவந்து வைப்பார்கள். வேட்டை இறைச்சி, வயதான பாலாடைக்கட்டிகள் ஆகியவையும் இதே வரிசையில் வரும்.

நவம்பரில் போனபோது எல்லோரும் வெள்ளை ட்ரஃபிள் சீவிப் போட்டுக்கொண்டு பரோலோ குடித்தார்கள். அதுதானே சரியான ஜோடி?

ஜோடிதான், ஆனால் எந்தப் பரோலோ என்பது முக்கியம். ட்ரஃபிள் மண்ணுக்குள் மரவேரோடு ஒட்டி வளரும் பூஞ்சைக் கிழங்கு. அதன் முழுப் பெருமையும் மணத்தில்தான், நாக்குக்கு அது தருவது சொற்பம். சூடான தஜரினில் வெண்ணெய் உருகிக்கொண்டிருக்கும்போது மேலே சீவினால், அந்த வெப்பத்தில் பூண்டும் தேனும் ஈர மண்ணும் சேர்ந்தாற்போல ஒரு மணம் எழும். சில நிமிடங்களுக்குத்தான் அது நிற்கும். இளம் பரோலோவின் துவர்ப்பு அதை நசுக்கிவிடும்.

அதனால் ட்ரஃபிளுக்கு நான் எடுத்து வைப்பது நன்றாக வயதான பாட்டிலை. ஈர இலையும் காளானும் மணக்கும் என்று மேலே சொன்னேனே, அந்தப் பருவத்து ஒயினும் ட்ரஃபிளும் ஒரே காட்டிலிருந்து வந்தவை போல இருக்கும். வயதான பாட்டிலுக்குப் பணம் இல்லையென்றால் பரோலோவை விட்டுவிட்டு, இதே வட்டாரத்தின் மென்மையான பார்பரெஸ்கோ ஒயினைக் கேளுங்கள்.

நான் சுத்த சைவம். எனக்கு இந்த ஒயினில் இடமே இல்லையா?

நிறைய இருக்கிறது. துவர்ப்புக்குக் கொழுப்பும் புரதமும் வேண்டும் என்றுதான் சொன்னேன். அவை இறைச்சியிலிருந்தே வர வேண்டும் என்று கட்டாயமில்லை. இதே கூனியோ மாவட்டத்தின் மலைகளில் செய்யப்படும் காஸ்தெல்மாஞ்ஞோ என்ற பாலாடைக்கட்டி, கையில் எடுத்தால் உதிரும். கொஞ்சம் புளிப்பும் உப்பும் கொண்டது. அதை உருக்கி, நியோக்கி என்ற உருளைக்கிழங்கு உருண்டைகள் மேல் ஊற்றித் தருவார்கள். பரோலோவோடு எனக்கு மிகப் பிடித்த தட்டுகளில் அது ஒன்று. வெண்ணெயில் வதக்கிய போர்ச்சினி காளான், பரோலோ ஊற்றிக் கிளறிய ரிசொத்தோ என்ற குழைவான சோறு, சோளமாவுக் களியான பொலெந்தாவின் மேல் உருக்கிய ஃபொந்தினா பாலாடைக்கட்டி ஆகியவையும் உண்டு.

இரண்டு எச்சரிக்கைகள். ரிசொத்தோவில் பெரும்பாலும் இறைச்சி வேகவைத்த சாறு சேர்ந்திருக்கும். பாலாடைக்கட்டி உறைய வைப்பதற்குக் கன்றின் வயிற்று நொதியைப் பயன்படுத்துவதும் இங்கே வழக்கம். உங்கள் சைவம் எந்த எல்லை வரை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காரமான நம் சாப்பாட்டோடு குடித்தால் என்ன?

சொன்னால் வருத்தப்படுகிறார்கள், ஆனாலும் சொல்கிறேன்: செட்டிநாட்டுக் கோழியும் பரோலோவும் ஒன்றையொன்று கெடுக்கும். மிளகாயின் எரிச்சலை மதுச்சத்து தூண்டிவிடும். எரிந்துகொண்டிருக்கும் நாக்கில் துவர்ப்பு உரசும். ரோஜாவும் செர்ரியும் இருந்த இடமே தெரியாது. புளி தூக்கலான குழம்பு இருந்தால் ஒயினின் புளிப்பும் சப்பென்று ஆகிவிடும்.

நான் வீட்டில் செய்து பார்த்ததில் பொருந்தியது ஒன்று உண்டு. எலும்போடு கூடிய ஆட்டுக்கறியை நெய்யில் வறுத்து, சின்ன வெங்காயம், பட்டை, கிராம்பு, கொஞ்சம் மிளகு மட்டும் போட்டு, மிளகாயும் புளியும் சேர்க்காமல் சிறு தீயில் எலும்பை விட்டுக் கறி கழலும் வரை வேகவிட்டேன். ப்ரசாத்தோவை நினைத்துப் பாருங்கள், ஏன் பொருந்தியது என்று புரியும்.

மீனோடு?

வேண்டாம். மீன் எண்ணெயும் இந்தச் சிவப்பு ஒயினும் சேர்ந்தால் வாயில் இரும்பை நக்கியது போல ஒரு சுவை வரும். நெத்திலி போன்ற ஆஞ்சோவி மீனையும் பூண்டையும் எண்ணெயில் கரைத்துச் சூடாகக் காய்களைத் தொட்டுத் தின்னும் பாஞ்ஞா காவ்தா இந்த ஊர் உணவுதான். அதற்கு இங்குள்ளவர்களே பார்பேரா என்ற வேறு திராட்சையில் செய்த, துவர்ப்புக் குறைந்த ஒயினைத்தான் ஊற்றிக்கொள்கிறார்கள்.

விலை ஏன் இப்படி? குறைந்த விலையில் இதே சுவை கிடைக்காதா?

நெபியோலோ சீக்கிரம் துளிர்த்துத் தாமதமாகப் பழுக்கும் கொடி. வசந்தப் பனியிலும் மாட்டும், இலையுதிர்கால மழையிலும் மாட்டும். வெயில் நன்றாக விழும் சரிவுகளில் மட்டும் சரியாகப் பழுக்கும். மொத்தப் பரப்பே 2000 ஹெக்டேருக்குச் சற்றுதான் மேல். அறுத்த பிறகும் சட்டப்படி குறைந்தது 38 மாதம் வைத்திருக்க வேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். ரிசெர்வா என்று போட வேண்டுமானால் 62 மாதம். 2020இல் அறுத்த பழம் 2024இல்தான் கடைக்கு வந்தது. அத்தனை காலம் விவசாயியின் பணம் நிலவறையில் தூங்குகிறது.

சிக்கனமாகத் தொடங்க விரும்புபவர்கள் லேபிளில் லாங்கே நெபியோலோ என்று இருப்பதை வாங்குங்கள். அதே திராட்சை, பெரும்பாலும் அதே தயாரிப்பாளரின் இளைய கொடிகள், காத்திருப்பும் குறைவு. தானரோ ஆற்றின் மறுகரையில் விளையும் ரொயேரோ ஒயினும் நல்ல தேர்வு. அடிமாட்டு விலைக்கு ஒரு பரோலோவைப் பார்த்தால், அந்தப் பணத்துக்கு நல்ல லாங்கே நெபியோலோ வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

பாட்டிலில் பரோலோவோடு கனுபி, புஸ்ஸியா என்று இன்னொரு பெயரும் இருக்கிறதே?

அது தோட்டத்தின் பெயர். 2010 முதல் இப்படி 181 பெயர்கள் சட்டப்படி வரையறுக்கப்பட்டுள்ளன; அவற்றில் 11 முழு ஊரின் பெயரைக் குறிப்பவை. சாப்பாட்டுக்காக வாங்குபவர் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, மேற்கும் கிழக்கும் தெரிந்தால் போதும். மேற்கே லா மொர்ரா, பரோலோ ஊர்களின் மண் வயதில் இளையது. அங்கிருந்து வருபவை பொதுவாக மணம் மிகுந்து, சீக்கிரம் மென்மையாகும். கிழக்கே செர்ராலுங்கா, மோன்ஃபோர்தே பக்கத்து மண் பழையது, இறுகியது, ஒயினும் அப்படியே. தஜரினுக்கு லா மொர்ரா, ப்ரசாத்தோவுக்கும் வேட்டை இறைச்சிக்கும் செர்ராலுங்கா என்பது என் கணக்கு. தயாரிப்பவரின் கை இதை மாற்றிவிடவும் கூடும்.

பழைய முறைப் பரோலோ, புதிய முறைப் பரோலோ என்று பிரித்துப் பேசுகிறார்களே, எதை வாங்குவது?

பழைய முறையில் தோலையும் சாற்றையும் வாரக்கணக்கில் ஒன்றாக ஊறவிட்டு, பிறகு ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் பெரிய ஓக் பீப்பாய்களில் பல ஆண்டு வைப்பார்கள். 1980களில் இளைஞர்கள் சிலர் ஊறும் காலத்தைச் சில நாட்களாகக் குறைத்து, பாரிக் எனப்படும் 225 லிட்டர் சிறு பீப்பாய்க்கு மாறினார்கள். அவர்களில் ஒருவரான எலியோ ஆல்தாரே 1983இல் தன் தந்தையின் பெரிய பீப்பாய்களை இயந்திர ரம்பத்தால் அறுத்தது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. எதிர்முனையில் நின்ற பழைய முறைத் தயாரிப்பாளர் பர்த்தோலோ மாஸ்கரெல்லோ, இத்தாலிய அரசியல்வாதி பெர்லுஸ்கோனியையும் சேர்த்து, "பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்" என்று தன் கையால் வரைந்த லேபிளையே பாட்டிலில் ஒட்டினார்.

இன்று சண்டை ஓய்ந்துவிட்டது. பழையவர்கள் நிலவறையைச் சுத்தமாக வைக்கக் கற்றார்கள். புதியவர்களில் பலர் பெரிய பீப்பாய்க்குத் திரும்பினார்கள். சாப்பாட்டோடு குடிக்க எனக்குப் பெரிய பீப்பாய்தான் பிடிக்கும். புதிய சிறு பீப்பாய் தரும் வனிலா வாசனை ப்ரசாத்தோவின் கிராம்போடு முட்டுகிறது.

எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்? எப்படித் திறப்பது?

பொதுவாக, அறுவடையிலிருந்து எட்டு, பத்து ஆண்டு கழிந்தால் நன்றாக இருக்கும். 2010, 2016 போன்ற நல்ல ஆண்டுகளின் சிறந்த பாட்டில்கள் பல பத்தாண்டு தாங்கும். வெயிலும் வறட்சியுமாக இருந்த 2017 போன்ற ஆண்டுகளைச் சீக்கிரம் திறக்கலாம். சென்னை வெப்பத்தில் அலமாரியில் வைத்து வயதாக்க மட்டும் முயலாதீர்கள். குளிர்ந்த, நிலையான வெப்பமுள்ள இடம் இல்லையென்றால் வாங்கிய ஆண்டே குடித்துவிடுவது மேல்.

இளம் பாட்டிலானால் இரண்டு மணி நேரம் முன்பே வாயகன்ற கண்ணாடிக் குடுவைக்கு மாற்றுங்கள். வயதானதற்கு வேறு பக்குவம்: ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வைத்து வண்டலை இறங்கவிட வேண்டும். ஊற்றும்போது பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, ஒரே சாய்வில், நிறுத்தாமல் ஊற்றுங்கள். கறுப்பு இழை ஒன்று தோளிலிருந்து கழுத்தை நோக்கி ஊர்ந்து வரும். அது வந்ததும் நிறுத்திவிட வேண்டும். குடிக்கும் வெப்பம் 16 முதல் 18 டிகிரி. அறை வெப்பத்தில் குடிக்கலாம் என்று சொன்னவர்கள் இத்தாலியக் குளிர்கால அறையை நினைத்துச் சொன்னார்கள். நம் ஊரில் அரைமணி குளிர்பெட்டியில் வைத்து எடுக்க வேண்டும்.

ப்ரசாத்தோ செய்ய உண்மையிலேயே பரோலோவைத்தான் கொட்ட வேண்டுமா? மனது வரவில்லையே.

ப்ரசாத்தோ அல் பரோலோ என்று உணவுப் பட்டியலில் எழுதினால் பரோலோதான் ஊற்ற வேண்டும், அது வாக்கு. வீட்டில் செய்யும்போது லாங்கே நெபியோலோவோ, ஒரு நல்ல பார்பேராவோ ஊற்றுங்கள். மூன்று மணி நேரம் கொதித்த பிறகு ரோஜா மணம் தங்காது. புளிப்பும் உடலும்தான் மிஞ்சும். மிச்சப்படுத்திய பரோலோவைக் கோப்பையில் ஊற்றுங்கள். ஆனால் கெட்டுப் புளித்த ஒயினைச் சமையலுக்கு ஒதுக்காதீர்கள். அந்தப் புளிப்பு வற்றி வற்றி இன்னும் கூர்மையாகும்.

கடைசியில் சாக்லேட் கேக் வந்தது. அதோடு குடித்தால் கசந்துவிட்டதே?

இனிப்பு, துவர்ப்பைத் தூக்கிக் காட்டும். சாக்லேட்டுக்கென்றே இங்கே வேறொன்று இருக்கிறது: பரோலோ கினாத்தோ. பரோலோவில் சிங்கோனா மரப்பட்டையும், பல வேர்களும், வாசனைப் பொருட்களும், சர்க்கரையும் சேர்த்துச் செய்வது. செர்ராலுங்காவைச் சேர்ந்த மருந்தாளர் ஜூசெப்பே கப்பெல்லானோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதைப் பிரபலமாக்கினார். சீரணத்துக்கு நல்லது என்று வீடுகளில் வைத்திருந்த காலம் உண்டு. சிறிய கோப்பையில் கால்பங்கு, கறுப்புச் சாக்லேட் ஒரு துண்டு, போதும்.

பாதி பாட்டில் மிஞ்சிவிட்டது. கொட்டிவிடவா?

கொட்டாதீர்கள். தக்கையை அழுத்தி மூடிக் குளிர்பெட்டியில் நிற்க வையுங்கள். இளம் பரோலோ மறுநாள் பெரும்பாலும் முதல் நாளைவிட மென்மையாக இருக்கும். மூன்று நாள் வரை தாங்கும். மிகப் பழையதை மட்டும் அன்றே முடித்துவிடுங்கள், இரவோடு அதன் மணம் போய்விடும். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். ப்ரசாத்தோவும் மிஞ்சியிருந்தால், குழம்போடு சேர்த்துச் சிறு தீயில் சூடாக்குங்கள். அதுவும் மறுநாள்தான் கூடுதல் ருசி.